ஒட்டி வைத்த குதிரை

என் வீட்டுக்காரர் ராகவனிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அவர் அதைப் பயன்படுத்த மாட்டார், பராமரிப்பார். கல்பாக்கத்தில் பம்புகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை ஸ்டாஃப் பஸ்ஸிலேயே இறக்கிவைத்துவிட்டு வாருங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கேட்டால்தானே! மிக்ஸி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் போடுவார். "கெட்டப்புறம் பாத்தா அது ரிப்பேரு. கெடறதுக்கு முன்னாடி பாக்கறதுதான் மெயின்டனன்ஸ்" என்று எனக்கே வகுப்பெடுப்பார். அன்றைக்குச் சட்னி அம்மியில்தான். அரைப்பது நான். "மிக்ஸிய விட இதுல ருசி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவது அவர்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பேஞ்சோ கிடைத்தது.

எங்கள் மகள் சுஷ்மிதா சிறுசேரியில் சாஃப்ட்வேர் ஆபீசில் இருக்கிறாள், அங்கேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறாள். ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போய்வந்த மற்ற பிள்ளைகள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவள் ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீளக் கழுத்து, அடியில் வட்டமாக ஒரு மேளம், அதன் தோல்மேல் போகிற ஐந்து கம்பி. அதுதான் பேஞ்சோ. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காசிநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ராகவா, தோசைக்கல்லுக்குக் காம்பு போட்டு எடுத்தாந்துகீது உம் பொண்ணு" என்றார். இவருக்கு அதில் மூக்குக்கு மேல் கோபம். காசிநாதன் மேல் அல்ல, பேஞ்சோ மேல்.

அது அமெரிக்காவிலிருந்து வந்த புதிதில். அதற்கப்புறம்தான் செங்கல்பட்டு மாப்பிள்ளை விவகாரம் நடந்தது. தெரிந்தவர் மூலமாக வந்த இடம், நல்ல இடம் என்று இவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களை வரச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். சுஷ்மிதா நடு ஹாலில் நின்று, "மன்னிச்சிக்கங்க அங்கிள், என்னை யாரும் கேக்கல. எனக்கு இப்போ இஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் பஜ்ஜியைக் கீழே வைப்பதா வாயில் வைப்பதா என்று தெரியாமல் விழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர்கள் போனதும் இவர், "இனிமே உன் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்றார். அவள், "அத மொதல்லியே செஞ்சிருக்கலாம் நைனா" என்றாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அந்த நைனாவோடு பேச்சு நின்றது.

அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வருவதே இல்லை என்று ஆகிவிட்டது. போன் வரும், எனக்கு மட்டும். சிறுசேரி என்ன டெல்லியா? மாமல்லபுரம் தாண்டி, திருப்போரூர் தாண்டினால் வந்துவிடுகிறது. தீபாவளிக்கு வந்தாள், சாப்பிட்டாள், வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். இவர் வாசலில் நின்று அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட வேண்டியதுதானே" என்றேன். "கேட் கீல்ல எண்ணெய் போடணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண் போகிறாள், இந்த மனுஷனுக்குக் கீல் கவலை.

பிறகு ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், பேஞ்சோப் பெட்டியோடு வந்து நின்றாள் சுஷ்மிதா.

"அம்மா, பி.ஜி. ஆண்ட்டி சத்தம் போடறாங்க. வாசிக்கக் கூடாதாம். இது இங்கியே இருக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வாசிச்சிட்டுப் போறேன்."

என்னிடம்தான் சொன்னாள். ஆனால் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "உப்புக் காத்து வேற. கம்பி துரு பிடிச்சிடும். யார்னா கொஞ்சம் தொடச்சி வெச்சா போதும்."

"எங்கனா மூலைல வைக்கச் சொல்லு" என்றது பேப்பர்.

அவள் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டாள். மூலையில் இருந்த பெட்டி கட்டிலுக்கு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வட்டத்தைச் சுற்றிக் கொக்கிகளும் நட்டுகளும் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "பிரபா, இது வாத்தியம் இல்லடி, இது ஃப்ளாஞ்சு! பைப் மூட்டு மாதிரி எதிரும் புதிருமா டைட் பண்ணணும். ஒரு பக்கமா முறுக்கினா தோல் கோணிக்கும்." அடுத்த கண்டுபிடிப்பு, ஐந்தாவது கம்பிக்கு மட்டும் முறுக்கும் ஆணி கழுத்தின் பாதி வழியில் இருக்கிறது என்பது. "இது இன்னா டிசைனு? நாலு ஆணி மேல, ஒண்ணு மட்டும் நடு ரோட்ல. எவன் பாஸ் பண்ணான் இத?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேஞ்சோ ராஜ்ஜியம். என் பழைய பருத்திப் புடவை ஒன்று கம்பி துடைக்கப் போயிற்று. குவார்ட்டர்ஸ் முழுக்க யார் புதுச் செருப்பு வாங்கினாலும், அந்த டப்பாவில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இவர் போய்க் கேட்டு வாங்கி வருவார். காசிநாதன், "செருப்பும் வேணுமா, பொட்டலம் மட்டும் போதுமா?" என்று கேட்டார். வெட்கமே இல்லை இவருக்கு. கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டார், உப்பு வருமாம். நான் வியர்த்து வழிந்தால் பரவாயில்லை. பெட்டிமேல் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்: 'பராமரிப்பில் உள்ளது. தொடாதே.' தூசி தட்டப் போன என்னைப் பார்த்து, "அட்டை தொங்குது, கண்ணு தெரியலியா?" என்றார். எனக்கு முட்டி வலிக்கிறது, தைலம் தேய்த்துவிடுங்கள் என்றால் நேரம் கிடையாது. நான் பேசாமல் ஒரு கொக்கியும் நட்டும் வைத்துக்கொண்டு பிறந்திருக்கலாம்.

சனிக்கிழமைகளில் சுஷ்மிதா வருவாள். பெட்டியைத் திறப்பாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாசிப்பாள். மழைத்தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தமாக, வேகமாக ஓடும் அது. இவர் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டார். வாசித்து முடித்ததும் அவள், "அம்மா, கம்பில துருவே இல்லியே, யாரு தொடச்சாங்க?" என்பாள். "யாரோ" என்பார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "அந்த யாரோகிட்ட தாங்க்ஸ்னு சொல்லு." "அவ பிளேட்ல இன்னொரு வடை வைக்கச் சொன்னாரு அந்த யாரோன்னு சொல்லு" என்பார் இவர்.

நடுவில் நான் எதற்கு? ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வைத்திருந்தாலே போதும்.

போகப் போகப் பேப்பர் இறங்கியது. தோல் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், மழைக்காலத்தில் தொய்யுமா என்றெல்லாம் நேராகவே கேட்க ஆரம்பித்தார். பேச்சு முழுக்கப் பேஞ்சோதான். 'சாப்பிட்டியா' என்றோ 'உடம்பு எப்படி இருக்கு' என்றோ ஒரு வார்த்தை வராது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே, "நாளைக்கு வருவா இல்ல?" என்று என்னிடம் கேட்பார். ஒருமுறை கம்பியைத் துடைத்துக்கொண்டே, "இது இங்க இருக்கறவரைக்கும் அவ வருவா பிரபா. இதுல ஒரு கொறை வந்துச்சின்னா, வேற எங்கனா எடுத்துகினு போயிடுவா" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு அட்டையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஜன்னல் சாத்தியிருப்பதற்குச் சண்டை போடுவதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வாரம் அவளால் வர முடியவில்லை. போன் செய்தாள். இந்த முறை நேராக அவருக்கே. போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நைனா, புதுக் கம்பி பெட்டிலயே கீது. முடிஞ்சா மாத்திடு. ஆனா ஒண்ணொண்ணா மாத்து. எல்லாத்தையும் ஒண்ணாக் கழட்டினே, குதிரை ஓடிடும், பாத்துக்கோ!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

குதிரை என்பது, தோலுக்கு மேலே நின்று கம்பிகளைத் தாங்குகிற ஒரு சின்ன மரத்துண்டு. வீணையிலும் அதைக் குதிரை என்றுதான் சொல்வார்கள். அதை இவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். இப்போது விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பிரபா, இங்க வாயேன்! போல்ட்டும் இல்ல, ஆணியும் இல்ல, பசையும் இல்ல. அப்படியே லூசா நிக்கிது. அவ சொன்னது சரிதான், ஓடிடும்."

"ஓடினா மறுபடி எடுத்து வெச்சிக்கறா. விடுங்க."

"விடறதா? பொண்ணு என்ன நம்பி போன் பண்ணி, 'ஓடாம பாத்துக்கோ'ன்னு சொல்லிகீது!"

அவள் அப்படியா சொன்னாள்? ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். கம்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினார். ரெண்டு டியூப் பசையைப் பழைய கேரம் போர்டு காய் ஒன்றின்மேல் வைத்துக் குழைத்தார். குதிரையின் கால்களில் தடவித் தோலின் நடுவில் நிறுத்தி, மேலே என் இட்லித் தட்டை வைத்து அழுத்தினார். மறுநாள் காலையில் தட்டிப் பார்த்து, புதுக் கம்பிகளை மாட்டிவிட்டு, காபி குடிக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அந்த மனுஷனை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இட்லித் தட்டில் பசை ஒட்டியிருந்ததைக்கூடச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுஷ்மிதா வந்தாள். பேஞ்சோவை மடியில் வைத்துச் சுருதி சேர்த்தாள். வெறும் கம்பியைத் தட்டினால் நன்றாகத்தான் இருந்தது. விரலை வைத்து அழுத்தி மேலே போகப் போகத்தான் சுருதி விலகி எனக்கே பல் கூசியது. அவள் நெற்றி சுருங்கியது. குதிரையைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யப் பார்த்தாள். விரலால் தள்ளினாள். கட்டை விரலால் தள்ளினாள்.

"நைனா… குதிரை இன்னாத்துக்கு நவுர மாட்டேங்குது?"

"இனிமே நவுராது" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. "இடியே வுழுந்தாலும் நவுராது."

ஐயோ, அந்த நிமிர்வு! அவள் அவரையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒட்டிட்டியா?"

"நீதானம்மா ஓடிடும்னே."

"அது ஓடணும் நைனா! முன்ன பின்ன நகத்தி, சுருதி எங்க சேருதோ அங்க நிறுத்தறதுதான் அதோட வேலையே. இப்போ இதப் பேத்தா தோல் கிழிஞ்சிடும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நல்லதுக்குத்தான…"

"எல்லாமே நல்லதுக்குத்தான். மாப்பிள்ளை வந்ததும் நல்லதுக்குத்தான். என்னை மட்டும் கேக்க மாட்டே. நீயா ஒரு எடத்தப் பாத்து, நீயா புடிச்சி ஒட்டிடுவே."

சொல்லி முடித்ததும் அவள் கண்ணில் தண்ணீர். பேஞ்சோவைப் பெட்டியில் வைத்து மூடினாள். சாப்பிடக்கூட இல்லை. "எல்லாம் எடுத்து வெச்சிட்டேம்மா, கௌம்பறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சிவப்பு அட்டை மட்டும் தரையில் கிடந்தது. இவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இனிமே இன்னாத்துக்கு வரப்போறா?" என்றார். என்னைக் கேட்கவில்லை. திட்டலாம் என்றுதான் பக்கத்தில் போனேன், முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பு, சிறுசேரிக்குப் போறோம்" என்றார்.

"அவ கோவமா இருக்கா. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்."

"அவளப் பாக்க இல்ல. அந்த பி.ஜி. அம்மாவப் பாக்கணும். பேஞ்சோவ அங்கதான் எடுத்துகினு போயிருப்பா. அந்தம்மா சத்தம் போட்டா எங்க போவா பாவம்? கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு நான் கேட்டுக்கறேன்."

பஸ்ஸில் கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். என்ன என்று பார்த்தால் என் பருத்திப் புடவைத் துண்டு, அந்தச் செருப்பு டப்பாப் பொட்டலங்கள். மாமல்லபுரத்தில் கூட்டம் இறங்கி இடம் கிடைத்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "ஏங்க, அந்தம்மா சரின்னு சொல்லிட்டா அவ அங்கியே வாசிச்சிப்பா. அப்புறம் நம்ம வூட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்ல. அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"பின்ன?"

"வாசிக்கறதுக்கு ஒரு எடமாவது இருக்கட்டும் அவளுக்கு. நான் கெடுத்தது போதும்."

அழுதால் பஸ்ஸே பார்க்கும் என்று, "காலைல நாஸ்தா ஒழுங்கா சாப்டீங்களா? ரெண்டு இட்லிய அப்படியே வெச்சிட்டீங்க" என்று அதட்டினேன்.

பி.ஜி. வாசலில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பட்டுப் புடவையோடு நின்று, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா ஆண்ட்டி. நல்ல வாட்டசாட்டமான மனுஷி. இவர் போய்க் கும்பிட்டுவிட்டு, மனப்பாடம் செய்த மாதிரி ஆரம்பித்தார்.

"அம்மா, நான் சுஷ்மிதாவோட அப்பா. பொண்ணு பேஞ்சோ வாசிச்சா நீங்க சத்தம் போடறீங்களாமே, உங்களுக்குப் பேஜாராத்தான் இருக்கும். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. பின்பக்கத்துல துணி வெச்சி அடைச்சா சத்தம் பாதியா கொறையும். துணி நானே கொண்டாந்துகீறேன்."

ஜெசிந்தா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "சத்தம் போட்டேனா? யாரு, நானா? அட இன்னா அண்ணாத்த நீங்க! சாயங்காலம் ஆனா 'வாசி கண்ணு, வாசி கண்ணு'ன்னு நான்தான் கெஞ்சுவேன். அது பாட்டுக்கு ஒருநாள் பொட்டியத் தூக்கிகினு கெளம்பிடுச்சி. எங்கம்மான்னு கேட்டேன். 'அப்பா கோவமா கீறாரு ஆண்ட்டி. சும்மா போய் நின்னா மூஞ்சப் பாக்க மாட்டாரு. கைல எதனா வேலை குடுத்தாத்தான் பேசுவாரு'ன்னுச்சி. இன்னா, பேசறீங்களா இல்லியா?"

இவர் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இவர் பேஞ்சோவைக் காவல் காத்தது எதற்கு? அவளைப் பிடித்து வைக்க. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது எதற்கு? இவரைப் பிடிக்க.

பேச்சுச் சத்தம் கேட்டு மாடிப்படியில் பாதி வரை இறங்கி வந்தாள் சுஷ்மிதா, தலையில் துண்டோடு. எங்களைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள். தன் குட்டு உடைந்துவிட்டது என்று புரிந்துவிட்டது அவளுக்கு.

"பொய்யா சொன்னே?" என்றார் இவர்.

"நீ மட்டும்? பேப்பரத் தலகீழா புடிச்சிகினு படிக்கறேன்னு உக்காந்திருந்தியே."

தலைகீழாகவா? அது எனக்கே தெரியாது. ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சுஷ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, படியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ராத்திரி குதிரையப் பேக்கப் பாத்தேன் நைனா. தோல் கிழிஞ்சிடுச்சி. புதுத் தோல் வெளிநாட்லேந்து வரணும். வர நாளாவும்."

இப்போது கொக்கியைப் பற்றி ஏதாவது கேட்கப் போகிறார், நான் கையாலேயே ஒன்று போடப் போகிறேன் என்று தயாராக நின்றேன். அவர் துணிப்பையைத் தொட்டியோரம் வைத்துவிட்டு, படிக்குக் கீழே போய் நின்றார்.

"அன்னிக்கி உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதாம்மா" என்றார். அப்புறம் கொஞ்சம் தடுமாறி, "தோலு வரும்போது வரட்டும். நீ வா. வேலை எதுவும் கொண்டாராத. சும்மா வா" என்றார்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். பழக்கதோஷம், பெட்டியை எடுக்கத்தான் போகிறாள், பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தலையை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு இறங்கி வந்தாள். பெட்டி மாடியிலேயே இருந்தது.